டிரைவர் அணைச்ச கற்பூரம்

இல்லீங்க்கா, கற்பூரமெல்லாம் இங்க ஏத்தறதில்ல. ஆரு வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க. உங்க ஊட்டுக்காரர் உள்ள போயி உக்காந்துட்டாரில்லீங்க, இன்னைக்கு அது போதும். நீங்க இப்படி இந்த பெஞ்சுக்கு வாங்க. பாப்பாவ மடியில சாச்சுக்கங்க, தூக்கத்துல கழுத்து தொங்குது பாருங்க. கூட்டம் முடிய இன்னும் முக்கா மணி நேரம் ஆகும்.

நானாங்க? எம் பேரு அங்கம்மாள். சொசைட்டியில தற்காலிகமா எழுத்து வேல. ஞாயித்துக்கெழமையானா இங்க வந்து டீ போட்டுக் குடுத்துட்டு, பெரியவிய சொல்றத எழுதிக்குவேன். நீங்க வாசல்ல அவர்கிட்டச் சொன்னது காதுல உழுந்துச்சுங்க. இது முடிஞ்சதும் நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போறது, பாப்பா தலை மேல கைய வெக்கச் சொல்லி, கற்பூரத்த அணைச்சு இனிக் குடிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கறதுன்னு. முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கறது கற்பூரந்தானுங்களே, வாசம் வருது. கோவிச்சுக்காதீங்க. முன்னப் பின்னத் தெரியாதவிய கிட்ட வலியப் போயிப் பேசற பழக்கம் எனக்கில்ல. உங்க கிட்ட வரதுக்குள்ள கழுவுன டம்ளரயே மூணு தடவ கழுவிட்டேன்.

உங்க நாத்தனா சொன்னது நெசந்தாங்க. இங்கயும் மின்ன கற்பூரம் இருந்துச்சு. நாலு வருசம் இருந்துச்சு. அப்பறம் எடுத்துப்போட்டாங்க. ஏன் எடுத்தாங்கன்னு சொல்றேன், கேட்டுப்போட்டு உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிப்போடறேன். இதுல முக்காவாசி நான் கண்ணால பாத்ததில்லீங்க. சொல்லிக் கேட்டது. எனக்குச் சொன்னவியளும் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி சொல்றதில்ல. ஒருத்தர் ஆடி மாசம்பாரு, இன்னொருத்தர் இல்லல்ல ஆவணின்னு சண்டைக்கு வருவாரு. நான் ரெண்டையும் எழுதி வெச்சிருக்கறேன்.

பேரு சொல்ல மாட்டனுங்க. அது இங்க கட்டுப்பாடு. உள்ள ஆரு வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு வெளிய போகக் கூடாது. நம்மூர்ல ஒருத்தரப் பாத்தா மொதல் கேள்வியே எந்த ஊருங்க, ஆரு ஊட்டுப் பையனுங்கன்னுதானே வரும். அதக் கேக்காம இருக்கப் பழகறதுக்கே இவியளுக்கு ரெண்டு வருசம் ஆச்சாம். அதனால தொழிலச் சொல்றேன், நீங்க புரிஞ்சுக்கங்க.

மொத ஆளு மோட்டார்க்காரர். கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டறவர். வேதக்காரர், சர்ச்சுக்குப் போறவர். குடியில கெடந்தவர பெங்களூர் ஆஸ்பத்திரியில கொண்டு போயிச் சேத்தியிருக்கறாங்க. அங்க ஒரு சர்ச்சுச் சாமியார் இந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாராம். எல்லாம் இங்கிலீசு. இவருக்கு ஒண்ணும் புரியல. ஒருத்தர் எந்திரிச்சு நின்னு பேசிப் பேசி அழுதாராம். அவரு கால்ல போட்டிருந்த பூட்சப் பாத்துட்டு, இவ்வளவு பெரிய மனுசனுக்கும் நம்ம சீக்குத்தானான்னு நெனச்சேன், அதுலயே எனக்குப் பாதி தெளிஞ்சுருச்சும்பாரு. கையில ஒரு சின்னப் பொஸ்தகத்தக் குடுத்து, ஊருக்குப் போயி இன்னொரு குடிகாரனத் தேடிப் புடி, அவன்கிட்ட உன் கதையச் சொல்லு, அப்பத்தான் நீ நிப்பேன்னு சொல்லி அனுப்பிச்சாங்களாம்.

குடிகாரனத் தேடணுமான்னு நீங்க சிரிக்கறீங்க. நானும் சிரிச்சேன். ஆனா நான் குடிகாரன்னு ஒத்துக்கறவன் வேணுமே. ரோட்டோரம் உழுந்து கெடக்கறவனக் கேட்டாக்கூட, உடம்பு வலிக்குதுன்னு இன்னைக்கு மட்டும் ஒரு வாயிங்கறான். நாலு மாசம் தேடுனாராம். கடசியா பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு வெத்தலக் கொடிக்கால்ல மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு கூப்புட்டிருக்கறாங்க. தோட்டத்துக்காரர் போதையில சுச்சப் போட்டு உட்டுட்டுத் தூங்கிப் போயி, தண்ணியில்லாம ஓடி ஓடி எரிஞ்சிருக்குது. அந்த மாசத்துல மூணாவது தடவ. மோட்டார்க்காரர் காயிலப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, மோட்டார் மேல தப்பில்லீங்க, எரியறது நீங்க, நானும் இப்படித்தான் எரிஞ்சேன்னாராம். கொடிக்காலுக்காரர் அடிக்க வந்துட்டாரு. ஆனா அடுத்த ஞாயித்துக்கெழம பஸ்ஸேறி மோட்டார் கடைக்கு வந்து நின்னாராம். எழுவத்தி மூணு, பிப்ரவரி மாசம், மொத ஞாயிறு. இந்தத் தேதியில மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டையில்ல. பிரிச்சுப் போட்ட மோட்டார் மேல ஒருத்தர், ஸ்டூல் மேல ஒருத்தர். அதுதான் மொதல் கூட்டம். அதுக்குன்னு வருசா வருசம் பிப்ரவரி மொத ஞாயிறு பாயசம் வெப்பாங்க. அத ஞாபகம் வெச்சுக்கங்க்கா, பின்னால வரும்.

அப்பறம் ஒண்ணு ரெண்டாச் சேந்தாங்க. அந்தப் பொஸ்தகத்துல என்ன போட்டிருக்குதுன்னா, ஆயுசுக்கும் குடிக்க மாட்டேன்னு சொல்லாத, இன்னைக்கு ஒரு நாள் குடிக்காத, நாளைக்கு கதைய நாளைக்குப் பாத்துக்கலாம்னு. கொடிக்காலுக்காரருக்கு அது புடிக்கவேயில்ல. இதென்ன வாய்தா வாங்கற மாதிரி, ஊட்டுல போயி இன்னைக்கு மட்டும் குடிக்க மாட்டேன்னு சொன்னா பொண்டாட்டி வெளக்குமாத்தத்தான் எடுப்பான்னாராம். அவிய பக்கம் வாய்க்காத் தண்ணி முறையா இருக்கட்டும், வரப்புத் தகராறா இருக்கட்டும், கோயில் முன்னால கற்பூரத்த ஏத்தி கையால அணைச்சு சத்தியம் பண்ணிட்டா அதோட முடிஞ்சுது. கோர்ட்டுத் தீர்ப்ப மீறுவாங்க, அணைச்ச கற்பூரத்த மீற மாட்டாங்க. அதையே இங்கயும் வெச்சுப்போடலாம்னு அவருதான் சொன்னது.

மோட்டார்க்காரருக்கு மனசில்ல. ஆனா ஊட்டுப் பொம்பளைக அத்தன பேருக்கும் புடிச்சுப் போச்சு. உங்களையாட்டத்தானுங்க. பத்து வருசம் கெஞ்சிக் கெஞ்சிச் சலிச்சவிய. புள்ளையக் கூட்டிட்டு வந்து நிறுத்தறது, புருசன் ஒரு கைய அது தலை மேல வெக்கறது, இன்னொரு கையால கற்பூரத்த அணைக்கறது. அணைச்சதும் அவரு மொகத்துல ஒரு பயம் வந்துச்சு சாமி, அதப் பாத்துத்தான் அன்னைக்கு நான் நிம்மதியாச் சோறு தின்னேன்னு ஒரு அம்மா எங்கிட்டச் சொன்னாங்க. மொதல்ல அணைச்சது கொடிக்காலுக்காரர்தான். அவரு பையன் தலை மேல.

சிரிக்கற மாதிரியும் நடந்திருக்குதுங்க. எழுவத்தி நாலுல சாராயக் கடையெல்லாம் மூடுனாங்கல்ல, அந்தச் சமயம். ஆறேழு ஆம்பளைக, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு சாதி, ஞாயித்துக்கெழமையானா கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்தா அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க? ஆரோ ஸ்டேசனுக்கு எழுதிப் போட்டுட்டாங்க. ஒரு போலீஸ்காரர் வந்து ஒவ்வொருத்தரயா வாய ஊதச் சொல்லியிருக்கறாரு. பேரக் கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டீங்கறாங்க. அவருக்கு சந்தேகம் இன்னும் சாஸ்தியாப் போச்சு. டம்ளர மோந்து பாத்தா வரக்காப்பி. நாங்கெல்லாம் குடிகாரங்க, அதனாலதான் வரோம்னு மோட்டார்க்காரர் சொல்லியிருக்கறாரு. அப்பறம் ஏன்யா நாத்தமே அடிக்க மாட்டீங்குதுன்னு போலீஸ்காரர் கேட்டாராம். அரை மணி நேரம் பேசிப்போட்டுப் போனவரு, அடுத்த ஞாயிறு மச்சானக் கூட்டிக்கிட்டு வந்தாரு. இந்தக் கதைய மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க.

டீ குடிக்கறீங்களா? செரி, அப்பறமாக் குடிங்க.

டிரைவர் கதைக்கு வாரேன். சங்ககிரி லாரி. குடியிருந்தது எருமப்பட்டிப் பக்கம், ஒருத்தர் வெள்ளாமக் காட்டுக்குள்ள தனி ஊடு. புருசன், பொண்டாட்டி, ஒரே பொண்ணு. எழுவத்தி நாலு பங்குனியில இங்க வந்து கற்பூரம் அணைச்சாரு. பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. அவரு நெம்ப நல்ல மனுசன்னு எல்லாரும் சொல்றாங்க. செத்தவியளப் பத்தி அப்படித்தான் சொல்லுவாங்கன்னு, நான் எழுதறப்ப அதக் கொஞ்சம் கொறச்சுத்தான் எழுதியிருக்கறேன்.

பத்து மாசம் சொட்டுக் கூடத் தொடல. அது நெசம், அதுல ஆருக்கும் மாத்துக் கருத்தில்ல. ஆனா அந்தப் பத்து மாசம் எப்படி இருந்தாருன்னு கேக்கோணும்ங்க. அணைச்ச நாள்ல இருந்து அந்தப் புள்ள தலையத் தொடவே மாட்டாராம். மின்னயெல்லாம் லோடு எறக்கிட்டு வந்தா அவருதான் தலை சீவி ரிப்பன் கட்டி உடறது. அதுக்கப்பறம் புள்ள சீப்ப எடுத்துக்கிட்டு வந்தா எந்திரிச்சுக் காட்டுப் பக்கம் போயிருவாரு. பம்பாய் லைன்ல போறப்ப, குடிச்ச மாதிரி கனா வந்துச்சுன்னா காலையில மொத வேலையா கார்டு வாங்கி எழுதிப் போடுவாராம். பாப்பாவுக்கு உடம்பு சௌக்கியமா, பதில் போடவும்னு. அவரு பொண்டாட்டிக்குப் படிப்புக் கெடையாது. புள்ளதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும். தனக்கு உடம்பு எப்படியிருக்குதுன்னு அப்பன் ஏன் இத்தன தரம் கேக்கறாருன்னு அதுக்கு வெளங்காது.

எழுவத்தஞ்சு பிப்ரவரி. மொத ஞாயிறு. ரெண்டாம் வருசப் பாயசம் வெச்சுட்டு இவியெல்லாம் டிரைவருக்காகக் காத்திருக்கறாங்க. அவரு வரல. வண்டி வழியில அச்சு முறிஞ்சு, மூணு நாள் தூக்கமில்லாம வந்து சங்ககிரி பட்டறையில உட்டுருக்கறாரு. அங்க ஆரோ காட்டுல காச்சுன சாராயம் வெச்சிருந்தாங்க. ஒரு டம்ளர்தான்னு ஒருத்தர் சொல்றாரு, போதை தெளிய ராத்திரியாச்சுன்னு ஒருத்தர். அளவ நான் எழுதல. ஞாயித்துக்கெழம குடிச்சாரு. அது உறுதி.

திங்கக்கெழம காலையில ஊட்டுக்கு வந்தா புள்ள பாயில கெடக்குது. காச்சல்ல கொதிக்குது, என்னமோ ஒளறுது. நேத்துக் குடிச்ச நாத்தம் இன்னும் வாயில அடிக்க, வாசப்படியில நின்னுக்கிட்டே எப்ப இருந்துன்னு கேட்டிருக்கறாரு. நேத்துப் பொழுதோட, சாயங்காலத்துல இருந்துன்னு அந்தம்மா சொன்னாங்க. நேத்துன்னா ஞாயிறு. அவரு அப்படியே வாசல்லயே உக்காந்துட்டாராம். குடிச்சேன்னு அவராவே சொல்லிட்டாரு.

டைபாய்டு. சேலத்துக்குத் தூக்கிட்டு வந்தாங்க. மூணு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. மூணு வாரமும் டிரைவர் கேட்டுக்கு வெளியதான் உக்காந்திருந்தாரு, உள்ள வரல. குடிக்கவுமில்ல. அது மோட்டார்க்காரர் கண்ணால பாத்தது, தெனமும் சோறு கொண்டு போனவரு அவருதான். புள்ள பொழச்சு ஊட்டுக்குப் போன அன்னைக்கு மறுபடியும் குடிச்சாரு.

ஏன்னா, நாம என்ன நெனைக்கறம்? சத்தியத்துக்குப் பயந்து நிறுத்துவாருன்னுதானே? சத்தியம் இருக்கற வரைக்கும் அது செரிங்க. அது ஒடஞ்ச பொறவு நிறுத்தறதுக்குக் காரணம்னு எதச் சொல்றது? கொடிக்காலுக்காரரும் மோட்டார்க்காரரும் பஸ்ஸேறி அந்தக் காட்டுக்குப் போயிருக்கறாங்க. டிரைவர் லாரிக்கு அடியில படுத்துக் கெடந்தாரு. ஊட்டுக்குள்ள படுக்கறதில்ல. அவரு மூச்சுக் கூட அந்தப் புள்ள மேல படக்கூடாதுன்னு. மோட்டார்க்காரர் குனிஞ்சு, ஒரு நாள் தப்பிருச்சு, இன்னைக்கு ஒரு நாள் இரு, எங்கூட வான்னாரு. டிரைவர் அவரப் பாக்கல. கொடிக்காலுக்காரரப் பாத்துத்தான் கேட்டாராம்.

ஏனுங்ணா, நீங்க அணைச்ச பொறவு ஒருக்காவாச்சும் குடிச்சிருக்கறீங்களா?

இல்ல.

அப்ப எனக்கு மட்டுந்தான் இந்தப் புத்தி, நீங்க போங்கன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

ரெண்டரை வருசங்க்கா. எழுவத்தியேழு ஆவணியில மஞ்சக்காமால வந்து போயிட்டாரு. முப்பத்தஞ்சு வயசு.

எழவுக்குப் போயிட்டு வந்த அடுத்த ஞாயித்துக்கெழம, கொடிக்காலுக்காரர் கற்பூர டப்பாவ எடுத்து எல்லாத்துக்கும் நடுவுல வெச்சாராம். நான் அணைச்ச அந்த வருசமே தீவாளிக்குக் குடிச்சேன்னாரு. பொங்கலுக்கும் குடிச்சேன். எம்பையனுக்கு ஒண்ணும் ஆகல, வரப்பு மேல ஓடி வெளையாடிக்கிட்டுத்தான் இருந்தான். சொன்னா எம் பேச்சுக்கு மதிப்பில்லாமப் போயிரும்னு மறச்சேன். அவன் லாரிக்கு அடியில படுத்துக்கிட்டுக் கேட்டப்பவும் மறச்சேன். அப்படின்னுட்டு உக்காந்துட்டாரு. அப்பறம் ஒருத்தர் எந்திரிச்சு நானுந்தானுங்கன்னாரு. அப்பறம் இன்னொருத்தர். அன்னைக்கு இருந்த ஒம்போது பேர்ல அஞ்சு பேரு மீறியிருக்கறாங்க. வாரா வாரம் வந்து, பக்கத்துல பக்கத்துல உக்காந்து, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. டிரைவர் ஒருத்தருதான் ஒத்துக்கிட்டவரு.

அன்னைக்கு எடுத்ததுதான் கற்பூரம். அதுக்கப்பறம் இன்னைக்கு ஒரு நாள்னுதான் சொல்றது.

உள்ள நரச்ச மீசையோட, தோள்ல பச்சைத் துண்டு போட்டவரப் பாத்தீங்களா? அவருதான் கொடிக்காலுக்காரர். புதுசா ஆரு வந்தாலும் இந்தக் கதைய அவரு வாயாலயே சொல்லிருவாரு. இந்நேரம் உங்க ஊட்டுக்காரருக்கும் சொல்லிக்கிட்டிருப்பாரு. அவரச் சொல்றதுல கட்டுப்பாட்டுக்குத் தப்பில்ல, அவரே கேட்டவிய அத்தன பேர்த்துக்கும் சொல்லுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கறாரு.

பயமில்லாட்டி எப்படி நிறுத்துவாருன்னா, எனக்குத் தெரியலீங்க்கா. தெரியாததத் தெரியும்னு சொல்லக் கூடாதில்லீங்களா. கற்பூரம் எடுத்த பொறவும் பாதிப்பேரு போயித்தான் போறாங்க. ஆனா அவியள்ல சில பேரு திரும்பி வாராங்க. மூணாம் மாசம், ஆறாம் மாசம், தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்து பின் பெஞ்சுல உக்காந்துக்கறாங்க. கற்பூரம் இருந்த நாலு வருசத்துல போன ஒருத்தர் கூடத் திரும்பி வரல. அத மட்டும் நான் கேட்டுக் கேட்டுச் செரி பாத்திருக்கறேன்.

இதெல்லாஞ் சேத்து ஒரு சின்னப் பொஸ்தகமாப் போடறாங்க, வர பிப்ரவரிக்கு. படிச்ச புள்ள நீதான் எழுதணும்னுட்டாங்க. எங்க ஊட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்சது நான்தான் மொதல், அதனால எழுதறதுன்னா எல்லாம் எனக்கு வந்துரும்னு நெனப்பு. மூணாம் பக்கம் வரைக்கும் வந்துட்டேன். டிரைவர் பக்கத்த மட்டும் நாலு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன்.

அந்தப் புள்ளையா? பொழச்சுக்குச்சுங்க. முடியெல்லாம் கொட்டிப் போயி மறுபடி மொளச்சுது. நல்லாத்தான் இருக்குது. அம்மாவும் புள்ளையும் இப்ப சேலத்துலதான் குடியிருக்கறம்.

போன ஐப்பசியில சர்வீஸ் கமிசனுக்கு மனுப் போட சர்டிபிகேட் தேடி அம்மாவோட டிரங்குப் பொட்டியக் கொடஞ்சேன். அடியில அந்தக் கார்டெல்லாம் நூல் சுத்தி இருந்துச்சு. கார்டுக்கு நடுவுல நாமக்கல் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு. நாமக்கல்லுக்குக் காட்டப் போனம்னு அம்மா எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. எடுத்த எடத்துலயே வெச்சுட்டு, ரெண்டு நாள் கழிச்சு, ஏம்மா எனக்கு அந்தக் காச்சல் எப்ப வந்துச்சுன்னு சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். மொறத்துல பருப்புப் பொடச்சுக்கிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கெழம பொழுதோடன்னுச்சு. தலை நிமிரல. நான் அதுக்கு மேல கேக்கலீங்க. பயந்தாத்தான் நிறுத்துவாருன்னு அப்ப நெனச்சிருக்கும். வேற என்ன பண்ணும், பாவம், அதுக்கும் அப்ப இருவத்தாறு வயசுதான். எங்கப்பா அத நம்பிக்கிட்டேதான் போனாரு.

டிரைவர் பேரு அர்த்தநாரிங்க. பேரச் சொல்லக் கூடாதுதான். எங்கப்பா பேர நான் சொல்லிக்கலாமில்லீங்களா.

அழுவாதீங்க்கா, பாப்பா முழிச்சுக்கும். முந்தானை முடிச்ச அவுக்கறதும் அவுக்காததும் உங்க இஷ்டம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சீட்டுல பேரு அங்கம்மாள், தகப்பனார் அர்த்தநாரி, வயசு ஏழுன்னு போட்டிருக்குது. கீழ டாக்டர் கையெழுத்துல, காச்சல் மூணு நாளான்னு இங்கிலீசுல இருக்குது. தேதி முப்பத்தொண்ணு, ஒண்ணு, எழுவத்தஞ்சு. அன்னைக்கு என்ன கெழமைன்னு காலேஜ் லைப்ரரிக்குப் போயி பழைய பேப்பர்க் கட்டப் பிரிச்சுப் பாத்தேன். அந்த ஞாயித்துக்கு மின்ன வெள்ளிக்கெழமைங்க்கா.